வரவேற்புக்கு ஓர் இடம்

கை கழுவும் இடத்தில் எத்தனை குழாய்கள் என்று அவள் எண்ணினாள்.

ஆறு.

இருநூறு பேருக்குப் போதாது. ஒரு பந்தி எழுந்தாலே நெரிசலாகிவிடும்.

மகன் பூபதி குழாய்களைப் பார்க்கவில்லை. சுற்றுச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காலையிலிருந்து இது மூன்றாவது இடம். முதலில் பார்த்த கல்யாண மண்டபம் அவளுக்குப் பிடித்திருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். எதிரிலேயே போலீஸ் ஸ்டேஷன், வண்டிகளை நிறுத்தப் பயமே வேண்டாம் என்றார் மேனேஜர். பூபதி உள்ளேகூட வரவில்லை.

அடுத்தது ஓட்டல். அவன் வாசலில் நின்று மேலே இருந்த கேமராவைப் பார்த்தான். பிறகு இன்னொரு கேமராவை.

"சரிப்படாதும்மா."

அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. பதினான்கு மாதங்களாகத் தங்கையின் பெயரைச் சொல்லாதவன். சிந்து வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போன அன்று, வீட்டில் இருந்த அவளுடைய போட்டோக்களையெல்லாம் கொல்லையில் போட்டு எரித்தவன். அப்பா போன பிறகு வீட்டில் அவன் சொன்னதுதான் நடக்கும்.

போன வாரம் அவனே சொன்னான்.

"சிந்துவைக் கூப்பிட்டு ஒரு ரிசப்ஷன் வெச்சுடலாம்மா. வீட்ல வேண்டாம். வெளிய எங்காச்சும் வெச்சுக்கலாம்."

கல்லில் தோசை கருகும்வரை அவள் அப்படியே நின்றாள்.

அன்றே சாப்பாட்டுப் பட்டியல் எழுத உட்கார்ந்தாள். இனிப்பில் கச்சாயம் என்று முதலில் எழுதினாள். சிந்துவுக்கு அது இருந்தால் வேறெதுவும் வேண்டாம்.

இந்தப் பண்ணை வீட்டைப் பார்த்துக்கொள்பவர் ஆறுச்சாமி. சாவிக்கொத்தோடு முன்னால் நடந்தார். ஹாலைத் திறந்து காட்டினார். மேடையைக் காட்டினார். சமையல்கட்டைக் காட்டினார்.

"பாட்டு எவ்வளவு சத்தமா வெச்சாலும் கேக்கறதுக்கு ஆளில்லைங்க. சுத்திலும் வீடே கெடையாது. காத்தாடி சத்தம் மட்டுந்தானுங்க."

வெளியே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

பூபதி முதல் முறையாகத் தலையாட்டினான்.

"வாட்ச்மேன் இருப்பாருங்களா?"

"நான்தானுங்க. வேண்டாம்னா சாவியக் குடுத்துட்டுப் போயிர்றேன்."

"பின்னாடி கேட் இருக்குதுங்களா?"

"பூட்டியே கெடக்குதுங்க."

"அந்தக் கிணத்துல தண்ணி எவ்வளவு?"

"சமையலுக்கு போர் தண்ணி வருதுங்க. கிணத்துத் தண்ணி எடுக்கறதில்ல."

"எவ்வளவு ஆழம்னு கேட்டேன்."

ஆறுச்சாமி அவனை ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்.

"எம்பது அடிங்க."

அவள் சமையல்கட்டு வாசலில் நின்றாள். அடுப்பு எத்தனை என்று பார்க்க வந்தவள் எண்ணவில்லை.

"எத்தன பேருக்குங்க சமையல்?" என்று ஆறுச்சாமி கேட்டார்.

"சமையல் வேண்டாமுங்க. பதினஞ்சு பேருதான்."

அவள் அருகில் போனாள்.

"இருநூறு பேருன்னயே."

"பங்காளிக மட்டும் போதும்மா."

"மாப்பிள்ளை வீட்ல?"

அந்தச் சொல்லை அவள் இதற்கு முன் சொன்னதில்லை. அவன் முகத்தில் ஏதோ இறுகி, உடனே விட்டது.

"அவங்க ரெண்டு பேரு மட்டும் வரட்டும்."

"நம்ம பக்கம் பொம்பளைங்க?"

அவன் அவள் தோளில் கை வைத்தான். சிறு வயதில் காய்ச்சல் வந்தால் அவள் அவனைத் தொடுவதுபோல, மெதுவாக.

"நீயும் வர வேண்டாம்மா. முட்டி வலியோட எதுக்கு அலையற?"

கை அங்கேயே இருந்தது.

ஆறுச்சாமி சாவிக்கொத்தைக் கையில் மாற்றிக்கொண்டு, மோட்டாரை நிறுத்திவிட்டு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

பூபதி அவள் பையிலிருந்து போனை எடுத்தான். அவன் எண்ணிலிருந்து கூப்பிட்டால் சிந்து எடுக்க மாட்டாள். ஓசூரில் பத்துக் குடும்பங்கள் இருக்கும் லைன் வீட்டில் ஒரு அறை அவர்களுக்கு. பண்டிகை நாட்களில் மட்டும் அம்மாவிடம் பேசுவாள்.

ஸ்பீக்கரில் போட்டான்.

"நீ கூப்பிட்டா வருவா. ஞாயித்துக்கிழமைன்னு சொல்லு."

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"அம்மா."

பின்னால் ஏதோ குழந்தை அழுதது. பக்கத்து அறைக் குழந்தையாக இருக்கும்.

"அண்ணன் உங்களுக்கு ரிசப்ஷன் வெக்கறானாம்" என்றாள் அவள். "எடம் பாத்துட்டான்."

மறுமுனையில் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம்.

"நெசமாவாம்மா? எங்க?"

பூபதி தலையாட்டினான். சொல்லு.

"ஊருக்கு வெளிய. ஒரு பண்ணை வீடு."



"நீ இருப்பீல்லம்மா?"

பூபதி மறுபடியும் தலையாட்டினான். அவன் உதடுகள் அசைந்தன. இருப்பேன்னு சொல்லு.

அவள் மகனைப் பார்த்தாள். பேசும்போது அவனிடமிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"இல்ல கண்ணு. நான் இருக்க மாட்டேன். பொம்பளைங்க ஒருத்தரும் இருக்க மாட்டோம்."

குழந்தையின் அழுகை மட்டும் கேட்டது.

"சரிம்மா" என்றாள் சிந்து.

இணைப்பு அறுந்தது.

அவன் திரும்பக் கூப்பிட்டான். சுவிட்ச் ஆஃப். இன்னொரு முறை. போனைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவள்மேல் கோபப்படுவான் என்று காத்திருந்தாள். கோபப்படவில்லை.

"அந்த லைன் வீடு எனக்குத் தெரியும்மா" என்றான்.

கார் சாவியை எடுத்துக்கொண்டு, வண்டி நின்ற மரத்தடிக்கு நடந்தான்.

கேட் அவளுக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் முதலில் வெளியே வந்தாள். செருப்பு ஹால் வாசலிலேயே கிடந்தது.

மண்பாதை. ஒரு வண்டி போகும் அகலம். இரண்டு பக்கமும் முள்வேலி. தார் ரோடு மூன்று கிலோமீட்டர் தள்ளி.

முட்டி வலித்தது. மெதுவாகத்தான் நடக்க முடிந்தது. இன்றைக்கு அதில் அவளுக்குக் குறையில்லை.

பின்னால் கார் கிளம்பியது.

அவள் பாதையின் நடுவில் நடந்தாள்.

ஹாரன் ஒருமுறை அடித்தது. நீளமாக இன்னொரு முறை.

பிறகு ஹாரன் அடிக்கவில்லை. எஞ்சின் சத்தம் மட்டும் நெருங்கி வந்தது.