ஒன்பதாவது கோரிக்கை

அந்த வரியைக் காணவில்லை.

காப்புரிமை விண்ணப்பத்தில், இன்னது எங்களுக்கே சொந்தம் என்று உரிமை கேட்கும் முதல் கோரிக்கையை அவர் மறுபடி படித்தார். பள்ளிப் பிள்ளை மாதிரி வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார்.

இல்லை.

விண்ணப்பத்தில் இருந்த பூட்டு அவர் கண்டுபிடித்தது. ஒருவர் அனுப்பும் செய்தியை, பெறுகிறவர் தவிர வேறு யாரும் படிக்க முடியாமல் பூட்டி வைக்கும் முறை. அதற்கு ஒரு மாற்றுச் சாவி உண்டு. அதை இரண்டாக உடைத்து இரண்டு அலுவலகங்களில் வைக்க வேண்டும். அரசாங்கம் கேட்டால் இரண்டையும் சேர்த்துத் திறக்கலாம்.

நீதிமன்ற ஆணையைச் சரிபார்த்த பிறகு மட்டும்.

காணாமல் போனது அந்த வரிதான். இந்த நான்கு வருடமும் அவர் நிம்மதியாகத் தூங்கியது அதை நம்பித்தான்.

"எங்கேயும் போகல சார். ஒன்பதாவது கோரிக்கையில இருக்கு," என்றாள் எதிரே இருந்த சுகிர்தா. கம்பெனியின் காப்புரிமை வக்கீல். "முதல் கோரிக்கையில ஒரு நிபந்தனை கூடினா நம்ம உரிமை அவ்வளவு குறையும். ஆணையே பார்க்காம திறக்கற பூட்டை நாளைக்கு வேற ஒருத்தன் செஞ்சா, நாம அவனைக் கேக்கவே முடியாது."

பக்கத்தைப் புரட்டினார். இருந்தது. சாப்பாட்டில் வந்த கறிவேப்பிலையை இலையோரம் ஒதுக்கியதுபோல, ஒன்பதாவதாக. விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம், இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது என்கிற இடத்தில்.

கெட்டிக்காரி. தொழில்முறையில் அவள் செய்தது முழுக்கச் சரி.

கடைசித் தாள், உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கும் தாள். அவர் பெயருக்கு மேலே ஒரு கோடு. அந்தக் கையெழுத்துக்காகத்தான் எல்லாம் நிற்கிறது.

அவர் பேனாவை எடுக்கவில்லை.

சுகிர்தா அவசரப்படுத்தவில்லை. கண்ணாடிக்கு வெளியே தரமணி வெயிலில் வெந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே சொன்னாள்.

"தென்காசில இப்ப சாரல் ஆரம்பிச்சிருக்கும். இல்ல சார்?"

ஆமாம் என்று தலையாட்டினார்.

பாதியில் தலை நின்றது.

அவர் மனைவி பகவதி தென்காசிக்காரி என்பது இந்த அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. வீட்டுப் பேச்சை வாசலோடு விட்டுவிட்டு வருகிற மனிதர் அவர்.

அந்த வரியை எடுக்கப்போகிறார்கள் என்று அரசல்புரசலாகக் காதில் விழுந்ததும், காலையில் அவளுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். 'எடுத்தா கையெழுத்துப் போடமாட்டேன். வேலை போனா போகுது. தென்காசிக்கே போயிடலாம்.'

சோதித்துப் பார்க்கக் கம்பெனி கொடுத்த போனில் அனுப்பினார். அவர் செய்த பூட்டுக்குள் வைத்துத்தான் அனுப்பினார்.

எந்த நீதிமன்றம்? எந்த ஆணை?

பயமாக இருந்தது. தற்செயலாகக் கேட்டிருப்பாள் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார். மனம் கேட்கவில்லை. எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பிப் பழக்கமில்லை அவருக்கு.

சுகிர்தா மடிக்கணினியின் பக்கம் திரும்பி ஏதோ வேலையில் மூழ்கினாள். அவர் அதே போனை மேஜைக்கு அடியில் பிடித்துக்கொண்டு பகவதிக்குத் தட்டினார்.

'மனசு மாறிட்டேன். இப்பதான் கையெழுத்துப் போட்டேன்.'

அனுப்பினார். போனைச் சட்டைப் பையில் போட்டார். இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துக்கொண்டார்.

தெய்வமே, ஒன்றும் நடக்கக் கூடாது.

ஒரு நிமிடம் போனது. ஒன்றும் நடக்கவில்லை. பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டார். பகவதிக்கு என்ன பதில் சொல்வது என்றுகூட யோசிக்க ஆரம்பித்தார்.

மடிக்கணினி மெல்லிதாக ஒலித்தது.

சுகிர்தா படித்தாள். முகம் தெளிந்தது.

"ரொம்ப தேங்க்ஸ் சார்," என்று தாளுக்குக் கை நீட்டினாள்.

பிறகுதான் தாளைப் பார்த்தாள். கோட்டுக்கு மேல் ஒன்றுமில்லை.

நிமிர்ந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தடுமாறுவாள், ஏதாவது காரணம் சொல்வாள் என்று எதிர்பார்த்தார்.

நீட்டிய கையை அவள் எடுக்கவில்லை. மற்றக் கையால் பேனாவை அவர் பக்கம் நகர்த்தினாள்.