லிப்ட் கேட்ட கேள்வி

இந்தக் காலத்து ஜனங்களுக்கு மேலே போனால் போதும், அதற்காக எதைச் சொல்லச் சொன்னாலும் சொல்லிவிடுவார்கள் என்று சடையப்பனுக்கு எரிச்சல். ஆங்கிலப் பாடத்தை வாசித்து, அதிலிருந்து கேட்கும் கேள்விக்குச் சரியான பதில் சொன்னால்தான் லிப்ட் கிளம்பும் என்று ஆனபோதுகூட ஒருத்தரும் ஏனென்று கேட்கவில்லை. அவர் வீடோ ஒன்பதாவது மாடியில். ஒரு கால் வேறு நொண்டி.

லிப்டுக்குள் ஏறி, திரையில் வந்த இன்றைய பாடத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார். கலிலியோ என்ற விஞ்ஞானி, ஏட்டில் இருந்ததை நம்பாமல், சாய்ந்த பீசா கோபுரத்து உச்சியிலிருந்து கனத்த குண்டையும் லேசான குண்டையும் போட்டுப் பார்த்தாராம்.

“எது முதலில் விழும்?” என்றது லிப்ட்.

“கனத்ததுதான்.”

“தவறு. இரண்டும் ஒன்றாக விழும்.”

“நாப்பது வருசம் கட்டட வேலையில சாரத்துல நின்னவன் நான். மேலேருந்து விழுந்த செங்கல் எங்காலை ஒடைச்சப்புறமும், கூட விழுந்த காலி சிமெண்ட் பை பறந்துக்கிட்டேதான் இருந்துச்சு. கோபுரத்தையே கோணலாக் கட்டின ஊருப் பேச்சை நம்பச் சொல்றியா?”

“பாடத்தில் உள்ளதை மட்டும் சொல்லவும்.”

“அந்த ஆளே ஏட்டை நம்பாமத்தானய்யா மேல ஏறினாரு!”

பின்னால் நின்ற ஏழாம் மாடி வசுமதிக்குப் பொறுக்கவில்லை. “ஒண்ணாத்தான் விழும்னு சொல்லித் தொலைங்க பெரியவரே. அடுப்புல பால வச்சுட்டு வந்திருக்கேன்.”

“நீ பாத்தியாம்மா?”

“நான் எதுக்குப் பாக்கணும்? சொன்னா லிப்ட் போகுது.”

சடையப்பன் இறங்கிக்கொண்டார். வசுமதி பதில் சொன்னாள். “உங்கள் அறிவியல் மனப்பான்மைக்குப் பாராட்டுகள்” என்று வாழ்த்திவிட்டு லிப்ட் கிளம்பியது.

அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு முதல் படியில் காலை வைத்தார்.

“ஒண்ணா விழுதாம்ல, ஒண்ணா!”