வைப்பர் நின்ற பிறகு

அக்காவுக்குப் பிரசவ வலி கண்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. பல்லாவரம் தாண்டியதும் அத்தானின் பழைய காரில் வைப்பர் நின்றது. பேய்மழை. ஆனால் கண்ணாடியில் தண்ணீர் தங்கவில்லை. சாலை தெளிவாகத் தெரிந்தது. வழியில் முதல்முறையாக குரோம்பேட்டைப் பட்டறையில்தான் நிறுத்தினேன். தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு இன்னும் போகவேண்டும்.

மெக்கானிக் சவுரிமுத்து பார்த்தார். "மோட்டார் எரிஞ்சி போச்சும்மா. இப்போ ஆவாது." கண்ணாடியைத் தடவி விரலை மோந்தார். "அட, பீடித்தூளு! தேச்சா தண்ணி ஒட்டாது. இந்த மழைலயும் கரையாம கீதுன்னா இப்பத்தான் தேச்சிருக்கணும். யாரும்மா?"

"அவர்தான்," பின்சீட்டில் அக்கா முனகினாள். "மழைன்னா அவர்தான் தேய்ப்பார்."

"அப்போ சாரையே ஓட்டச் சொல்லும்மா. நீ அக்காவப் பாத்துக்கோ. சார் எங்க?"

"அத்தான் செத்து மூணு மாசம் ஆச்சுண்ணா," என்றேன்.