அழித்த பதிவு

“அழிச்சுட்டேன்டி! யாரும் பார்க்கறதுக்குள்ள அழிச்சுட்டேன். தலை தப்பிச்சது!”

சீட்டில் வந்து உட்கார்ந்ததும் பக்கத்து சீட் தோழியின் காதில் அவள் கிசுகிசுத்தாள்.

“எதைடி அழிச்சே?” ஹெட்போனை மாட்டப் போன தோழி நிறுத்தினாள்.

அது ஒரு கூரியர் கம்பெனியின் புகார்ப் பிரிவு. பார்சல் வரவில்லை, உடைந்து வந்தது, பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது என்று போன் செய்பவர்களிடம் நாள் முழுக்கத் திட்டு வாங்குவதுதான் இருவருக்கும் வேலை. அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல், மொட்டை மாடியில் வளர்க்கும் செடிகளும், அவற்றைப் பற்றி எழுதும் வலைப்பூவும்.

“வேலையை விட்டுட்டு நாற்றுப் பண்ணை வைக்கப் போறேன்னு ஒரு பதிவு எழுதி வெச்சிருந்தேன். ராஜினாமா கொடுத்த பிறகு போடலாம்னு நினைச்சேன். நேத்து சாயங்காலம் ‘சேமி’யை அமுக்கறதுக்குப் பதிலா ‘வெளியிடு’வை அமுக்கித் தொலைச்சுட்டேன். காப்பி குடிச்சுட்டு வந்து பார்த்தா பளிச்சுன்னு நிக்குது. அதுல நம்ம மேனேஜரைப் பத்தி வேற எழுதியிருந்தேன்.”

“என்னன்னு?”

“சிரிச்சா சம்பளத்துல பிடிச்சுடுவாங்கன்னு பயப்படற மனுஷன்னு.”

தோழி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சிரிக்காதடி. நல்லவேளை, என் வலைப்பூ பக்கம் இப்பல்லாம் ஈ காக்கா வர்றதில்ல. எத்தனை பேர் வந்தாங்கன்னு காட்டற கவுன்டர் நகரவே மாட்டேங்குது. இன்னும் பண்ணைக்கு இடம்கூட முடிவாகல. மேனேஜருக்குத் தெரிஞ்சு இன்னிக்கே வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டா, நான் எங்க போய் நிக்கறது?”

தோழி அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“நீ எந்தக் காலத்துல இருக்கே? இப்போ யாரு ஒவ்வொரு வலைப்பூவா தேடிப் போய்ப் படிக்கறாங்க?” என்றபடி தன் போனை அவள் பக்கம் திருப்பினாள். “இதுதான் ஃபீட் ரீடர். பிடிச்ச வலைப்பூவையெல்லாம் ஒரு தடவை இதுல சேர்த்துட்டா போதும். அவங்க எழுதினதும், பேப்பர் வாசல்ல வந்து விழற மாதிரி இங்க விழுந்துடும். உன் பக்கத்துக்கு யாரும் வரவே வேண்டாம். அப்புறம் கவுன்டர் எப்படி நகரும்?”

போன் திரையில் ஒரு சினிமா விமர்சனத்துக்கும் கிரிக்கெட் அலசலுக்கும் நடுவில் அவளுடைய நாற்றுப் பண்ணைப் பதிவு, ஓர் எழுத்துகூடக் குறையாமல் உட்கார்ந்திருந்தது.

“ஐயோ, அழிச்சுட்டேனேடி!”

“உன் பக்கத்துலதானே அழிச்சே? என் வாசல்ல விழுந்த பேப்பரை நீ எப்படி அழிப்பே? பஸ்ல வரும்போதே படிச்சுட்டேன். நீயா வாயைத் திறக்கறியான்னு பார்த்துட்டிருந்தேன்.”

“வேற யாரு இப்படிப் படிக்கறா?”

“கேஷ் கவுன்டர் அக்கா, டெலிவரி அண்ணன்மாருங்க, ஏன், வாசல் செக்யூரிட்டிகூட! எல்லாருக்கும் நான்தான் சேர்த்துக் கொடுத்தேன். அந்த அக்கா வீட்டுத் தக்காளி காய்ச்சதே உன் பதிவைப் பார்த்துத்தான்.”

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. யாருமே இல்லாத கூடத்தில் தனியாகப் பேசிக்கொண்டிருந்ததாக அல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தாள்! அடுத்த நொடியே அந்தச் சம்பள வரி நினைவுக்கு வந்தது.

“மேனேஜர்?”

தோழி தலையைச் சொறிந்தாள். “சேர்த்துக் கொடுன்னு அவரும் கேட்டாரு. முடியாதுன்னா சொல்ல முடியும்?”

மேசை போன் மணி அடித்தது. மேனேஜர்தான். “கொஞ்சம் உள்ள வாங்கம்மா.”

கண்ணாடி அறைக்குள் நுழைந்தாள். யாரையும் உட்காரச் சொல்லி வழக்கமில்லாத மேனேஜர் நாற்காலியைக் காட்டினார். அவருடைய கம்ப்யூட்டரில் அந்தப் பதிவு திறந்திருந்தது.

“பண்ணை எங்க வருது?”

“ஏரிக்குப் போற ரோட்டுல ஒரு இடம் பார்த்திருக்கேன் சார்.”

“அங்க பஸ் போகுதா?”

“போகுது சார்.”

“காலையில சீக்கிரம் திறக்கணுமோ?”

“வெயில் ஏறறதுக்குள்ள தண்ணி ஊத்தணும் சார்.”

“ஞாயித்துக்கிழமை லீவு விடுவீங்களா?”

“செடிக்கு ஏது சார் ஞாயித்துக்கிழமை?” என்று சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். குத்திக் காட்டுகிறார் என்று புரிந்தது. இங்கே ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னபோதெல்லாம் முகம் சுளித்தவள் அவள்தானே.

“தனியாளா சமாளிச்சுடுவீங்களா?”

“ஒரு ஆள் வெச்சுக்கலாம்னு இருக்கேன் சார்.”

“எந்த மாதிரி ஆள்?”

இவ்வளவு நேரம் எலியைப் பூனை உருட்டுவதுபோல் உருட்டிவிட்டு, கடைசியில் வெளியே போ என்றுதானே சொல்லப் போகிறார்! அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“கத்தாத ஆளா இருந்தா போதும் சார்!”

மேனேஜரின் முகம் சிவந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“சார், நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துடறேன்” என்றாள் அவள்.

“நான் முந்திக்கிட்டேன்மா. உங்க பதிவைப் படிச்ச கையோட, விருப்ப ஓய்வு வேணும்னு மேலிடத்துக்கு எழுதிப் போட்டுட்டேன்.”

திரும்பி வந்தவர் தன் நாற்காலியில் உட்காரவில்லை. அவள் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“இனிமே கத்த மாட்டேன். அந்த வேலைக்கு என்னைச் சேர்த்துக்குவீங்களா, மேடம்?”