ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு பேய்க்கதை

"நாளைக்குக் காலையில வயித்துல கத்தி வைக்கப் போற மனுஷனுக்குக் கொடுக்கிற புஸ்தகமா இது?"

ஆண்கள் வார்டே திரும்பிப் பார்த்தது. கத்தியவள் ஏழாம் நம்பர் படுக்கைக்காரரின் மனைவி. வாங்கிக் கட்டிக்கொண்டவள் கடுகு சிஸ்டர். எடுத்ததற்கெல்லாம் பொரிந்து தள்ளுவதால் நோயாளிகள் வைத்த பெயர் அது.

மனைவியின் கையில் ஒரு பேய்க்கதைப் புத்தகம். நைந்துபோன அட்டையில் காயத்துக்குப் போடும் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

"அவர்தான் ஆசையா படிக்கிறாரே. படிக்கட்டும்" என்றாள் சிஸ்டர்.

"ஒரு சாமி புஸ்தகம் கொடுத்திருந்தீங்கன்னா உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்!"

அவள் பயம் அவளுக்கு. ஏழாம் படுக்கைக்காரர் லாரி டிரைவர். மலைப்பாதையில் பிரேக் பிடிக்காவிட்டாலும் பதறாதவர், ஊசியைக் கண்டால் வெலவெலத்துப் போவார். பித்தப்பையில் கல். இரண்டு தடவை ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று. இரண்டு தடவையும் காலையில் பல் தேய்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர், பஸ் ஏறி வீட்டுக்கு வந்து நின்றார்.

"இந்தத் தடவையும் ஓடினா, அடுத்து ஆம்புலன்ஸ்லதான் வருவார். அப்போ என்னைக் கேட்காதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவள் வேண்டாத தெய்வமில்லை.

"சும்மா இரு. முதல்ல இதைப் பாரு" என்று புத்தகத்தை வாங்கி உள்அட்டையைக் காட்டினார் டிரைவர். படித்தவர்கள் பேனாவால் கிறுக்கி வைத்திருந்தார்கள்.

'என் வாழ்நாளில் இதைவிடப் பயங்கரமான புத்தகம் படித்ததில்லை. மூன்றாம் படுக்கை.'

'ரிட்டயர்டு போலீஸ் நான். பாத்ரூமுக்குத் துணைக்கு ஆள் கூட்டிப்போனேன்.'

'சுடுகாட்டில் வேலை பார்க்கிறவன். நானே போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.'

"மாடியே இல்லாத வீடும்மா. ஆனா மாடியில யாரோ நடக்கிற சத்தம் கேட்குது!" என்று சொல்லிவிட்டு மறுபடி புத்தகத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

மத்தியானம் ரத்தம் எடுக்க வந்தவர் ஊசியைக் குத்தி, ரத்தத்தை எடுத்துக்கொண்டு போயே விட்டார். டிரைவர் பக்கத்தைத் திருப்பினார்.

சாயங்காலம் ஆறு மணி. சிஸ்டர் வந்தாள். புத்தகத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"ஐயோ சிஸ்டர்! இப்பதான் மாடிப்படியைக் கண்டுபிடிச்சிருக்காங்க. மேலே யாருன்னு மட்டும் பார்த்துட்டுத் தர்றேன்!"

"நாளைக்கு ஆபரேஷன் முடிஞ்சு வந்து கேளுங்க. சொல்றேன்."

"நீங்கல்லாம் மனுஷிதானா?"

சிஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. நேராகத் தலைமை நர்ஸிடம் போனாள். "நோயாளியோட விளையாடுறாங்கம்மா" என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். தலைமை நர்ஸ் வார்டுக்கே வந்து, எல்லார் எதிரிலும் கடுகு சிஸ்டரை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

ஆச்சரியம், கடுகு பொரியவே இல்லை. தலை குனிந்தபடி நின்றது. புத்தகத்தை மட்டும் தரவில்லை.

மறுநாள் காலை பாத்ரூம் வாசலிலேயே காவல் நின்றாள் மனைவி. டிரைவர் பல் தேய்த்தார். திரும்பி வந்தார். தானாகவே ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தார்.

"அந்த முசுடு சிஸ்டர் எங்கே? நான் வெளியே வர்றதுக்குள்ள டியூட்டி முடிஞ்சு கிளம்பிடப் போறாங்க. நிக்கச் சொல்லு!" என்று கத்திக்கொண்டே ஆபரேஷன் தியேட்டருக்குள் போனார்.

கல்லை எடுத்தாயிற்று. கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் வார்த்தை, "மாடியில யாரு?"

சிஸ்டர் குனிந்து காதில் ஏதோ சொன்னாள்.

"அடப்பாவி, அவனா!" என்று தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார் மனுஷன்.

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மனைவி துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். நர்ஸ் மேஜையில் அந்தப் புத்தகம் கிடந்தது. நாமும் தெரிந்துகொள்ளலாமே என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள்.

கடைசி அத்தியாயமே இல்லை. கிழித்த ஓரம்தான் இருந்தது.

"சிஸ்டர், இதுல முடிவே இல்லையே!"

"மெதுவாப் பேசுங்கக்கா, நாலாம் படுக்கைக்காரர் காதுல விழுந்துடப் போகுது. அடுத்து இது அவர் கைக்குத்தான் போகணும்."

"அப்போ எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னது?"

"நானா கட்டிவிட்டது. எதுவரைக்கும் படிச்சீங்கன்னு கேட்பேன். அவங்க சொல்றதை வச்சே ஒரு முடிவு சொல்லிடுவேன். உங்கவர்கிட்ட, மாடியில நடந்தது கதாநாயகனோட தம்பின்னு சொன்னேன். போன வாரம் ஒருத்தருக்கு மாமியார்னு சொன்னேன். அவர் உடனே நம்பிட்டார்."

"கிழிச்சது யாரு?"

"நான்தான். முழுசாப் படிச்சு முடிச்ச ஒருத்தர், புஸ்தகத்தை மூடினதும் ஆபரேஷன் ஞாபகம் வந்து ஓடியே போயிட்டார். கிழிச்சதுக்கப்புறம் ஒருத்தர்கூட ஓடலை."

"அவ்வளவு திட்டு வாங்கினீங்களே, அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமே?"

"திறந்திருந்தா அவர் காதுல விழுந்திருக்கும். அப்பவே பஸ் ஏறியிருப்பார்."

மனைவி சிஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "எனக்காவது நிஜ முடிவைச் சொல்லுங்க சிஸ்டர். மாடியில யாருதான் நடந்தாங்க?"

கடுகு சிஸ்டர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தாள்.

"யாருக்குத் தெரியும்? பேய்க்கதைன்னாலே எனக்குக் கைகால் உதறும்க்கா. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுத்தான் கிழிச்சேன்!"