மிரள வேண்டிய குதிரை

குதிரை மிரண்டாக வேண்டும். சேணத்தின் மேல் உட்கார்ந்திருந்த சுருளிராஜன் அம்மனிடம் வேறு எதையும் கேட்கவில்லை.

கோயில் முன்னால் கொட்டுக்காரர்கள் வைக்கோல் தீயில் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பின்னால் முளைப்பாரிப் பெண்கள் வெயிலில் வரிசை கட்டி நின்றார்கள்.

"என்னப்பா, இன்னுமா காயல?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார் சுருளிராஜன்.

"காயட்டும்ணே. உங்க குதிரை எங்கன போயிரப் போகுது?" என்றார் கொட்டுக்காரர் ராக்கையா.

கொட்டு முழங்கியதும் அவர் குதிரை லார்டு வில்லியம் காதை மடக்கி, முன்கால்களைத் தூக்கி, தெருவையே கலங்கடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மானம் போய்விடும்.

சின்னமனூரில் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர் அயர்லாந்திலிருந்து குதிரை வாங்கினால் நாலு பேரிடம் சொல்லத்தான் செய்வார். சுருளிராஜன் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். விமானத்தில் வந்தது என்றார். ஜன்னலோர இருக்கை என்று மட்டும்தான் சொல்லவில்லை.

சகலை விஜய்பாண்டி ஆரம்பத்திலேயே தடுத்துப் பார்த்தார். "எதுக்கு சகல கடல் தாண்டிப் போறீக? தேவதானப்பட்டியில நல்ல குதிரை ஒண்ணு விலைக்கு நிக்கிது. ஒரு எட்டு வந்து பாருங்க. பாரின் குதிரை நம்ம கொட்டுக்கு மெரண்டுரும்."

"மெரளட்டும். மெரண்டாத்தான அது பாரின்," என்று மண்டியில் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டு, சுருளிராஜன் பெங்களூர்த் தரகரிடம் போனார்.

அந்த வாய்தான் இப்போது அவரைக் குதிரை மேல் உட்காரவைத்திருந்தது.

சந்தேகம் முதல் நாளே வந்துவிட்டது. அயர்லாந்துக் குதிரை கொள்ளுத் தொட்டியை நக்கித் துடைத்தது. பசி என்று விட்டார். மறுவாரம் டீக்கடை வாசலில் நின்று வடைக்குத் தலையை நீட்டியது. விமானக் களைப்பு இன்னும் தீரவில்லை என்று வீட்டில் சொன்னார். ராத்திரியில் தூக்கம்தான் வரவில்லை.

தப்பில் முதல் அடி விழுந்தது.

லார்டு வில்லியம் காதை நிமிர்த்தியது. சுருளிராஜன் கடிவாளத்தை இறுக்கினார். உடம்பெல்லாம் நம்பிக்கை ஓடியது.

குதிரை வலது காலைத் தூக்கி வைத்தது. பிறகு இடது. பிறகு தாளம் பிசகாமல் இரண்டையும் மாற்றி மாற்றி.

மெரளு, என்று குனிந்து அதன் காதில் கெஞ்சினார். குதிகாலால் விலாவில் குத்தினார். அது இன்னும் உற்சாகமாகி இடுப்பை ஒடித்தது.

கூட்டம் விசிலடித்தது. செல்போன்கள் மேலே எழும்பின. ராக்கையா பழைய கூட்டாளியைக் கண்டதுபோலச் சிரித்து அடியை மாற்றினார். குதிரையும் காலை மாற்றியது.

சுருளிராஜனுக்கு ஒரே வழிதான் மிச்சமிருந்தது. கண்ணை மூடினார். கடிவாளத்தை விட்டார். இடது பக்கமாகச் சரிந்தார்.

மணிக்கட்டு மடக்கென்றது.

"மெரண்டுருச்சு," என்று மண்ணில் கிடந்தபடி கத்தினார். வலியை மீறி முகத்தில் ஒரு நிறைவு. "பாத்தீகளா, பாரின் குதிரை. கொட்டு ஒத்துக்கல."

யாரும் வாயைத் திறக்கவில்லை. குதிரைதான் திறந்தது.

ஆடிக்கொண்டே அவரிடம் திரும்பி வந்து, ஒரு முன்காலை மடக்கி, மற்றதை நீட்டி, தலை தாழ்த்தி வணக்கம் வைத்தது. கல்யாண ஊர்வலத்தில் பெண்ணைப் பெற்றவருக்கு ஆட்டக் குதிரைகள் வைக்கிற அதே வணக்கம். அப்படியே வாயைத் திறந்து, பத்து ரூபாய்த் தாளுக்காகக் காத்திருந்தது.

விஜய்பாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அதன் பல்லிடுக்கில் செருகினார். பிறகு சகலையின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்.

"ஒரு எட்டு வந்து பாருங்கன்னு அன்னைக்குத் தேவதானப்பட்டிக்குக் கூப்புட்டேன்ல சகல," என்றார் காதோடு காதாக. "வந்திருந்தா இவனத்தேன் பாத்திருப்பீக."