ஐந்து தலைமுறைக் கறுப்பு

“அடுப்படியில தூங்குற நாயை வளர்க்கிற உனக்கு என் லாப்ரடார் குட்டியைத் தர மாட்டேன், ஐஸ்பெல்!” என்றான் டூகல்.

ஐஸ்பெல் நகரவில்லை. மலையில் வெடித்த வேட்டைத் துப்பாக்கிச் சத்தத்துக்கு, வேலிக்குள் தாயோடு இருந்த கறுப்புக் குட்டிகள் ஏழும் கத்திக் குதித்தன. ஒரே ஒரு மஞ்சள் குட்டி மட்டும், அவள் வீசிய வாத்திறகை நிதானமாகக் கவ்வி வந்து காலடியில் வைத்தது.

“பார்த்தியா? பரிசு வாங்கின அப்பனோட ரத்தம்! அஞ்சு தலைமுறையா அந்த வம்சத்துல கறுப்பைத் தவிர வேற நிறமே பிறக்கலை,” என்றான் டூகல்.

“அப்ப இது?”

டூகல் மஞ்சள் குட்டியைக் காலால் தனக்குப் பின்னே ஒதுக்கினான்.

ஐஸ்பெல் தன் வண்டிக் கதவைத் திறந்தாள். அவளுடைய அடுப்படி நாய் இறங்கியது. நல்ல மஞ்சள் நிறம். பழகிய வழிபோல வேலியைத் தாண்டிக் குதித்து, குட்டிகளின் கறுப்புத் தாய்க்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

“நான் குட்டி கேட்டு வரலை, டூகல். எங்க வீட்டுப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்.”